கடுகு டப்பாக் காசும் பூட்டிக் கிடந்த பூங்காவும்

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடாவை ஒட்டி இருக்கும் மாநிலம் மினசோட்டா. அங்கே கோடை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், அவ்வளவுதான். அதிலும் ஜூலை 4, அவர்களுடைய சுதந்திர தினத்தை ஒட்டி வரும் நாட்கள்தான் உச்சம். ஏரிக்கரையில் கூடாரம் போட மாதக்கணக்கில் முன்னாலேயே இடம் பதிவு செய்து வைத்திருப்பார்கள். 2011-ல் அந்த வாரம் வந்தபோது மாநிலப் பூங்காக்கள் பூட்டிக் கிடந்தன.

புயலோ வெள்ளமோ காரணம் இல்லை. ஜூன் 30-ஆம் தேதியோடு மாநிலத்தின் இரண்டு வருட பட்ஜெட் காலம் முடிந்திருந்தது, அடுத்த பட்ஜெட் நிறைவேறவில்லை. சுமார் 500 கோடி டாலர் பற்றாக்குறையை வரியை உயர்த்தி அடைப்பதா, செலவை வெட்டி அடைப்பதா என்று ஜனநாயகக் கட்சி ஆளுநர் மார்க் டேட்டனும், குடியரசுக் கட்சியின் கையில் இருந்த சட்டமன்றமும் மல்லுக்கு நின்றார்கள். 20 நாள் அரசாங்கமே முடங்கியது. காவலுக்கு ஆள் இல்லாத ஆஃப்டன் மாநிலப் பூங்காவில் கட்டடங்களை உடைத்து உள்ளே புகுந்தவர்களும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூங்காக்களுக்கென்றே தனியாகப் பணம் இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்புதான், 2008 நவம்பரில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் மாநில அரசியல் சாசனத்தையே திருத்தி, விற்பனை வரியை ஒரு துளி உயர்த்தி, அந்தத் துளியை நீர், காடு, பூங்கா, கலை ஆகியவற்றுக்கென்று எழுதி வைத்திருந்தார்கள். பூங்கா பூட்டியிருந்த அந்த 20 நாளும் கடைகளில் வியாபாரம் நடந்தது, அந்த வரி கஜானாவுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் எடுக்க முடியவில்லை. சட்டம் இயற்றி ஒதுக்காமல் கஜானாவிலிருந்து ஒரு காசும் வெளியே போகக் கூடாது என்று அதே சாசனத்தில் இன்னொரு பிரிவு சொல்கிறது. அந்த வருடத்துக்கான ஒதுக்கீட்டுச் சட்டம், முடக்கம் தீர்ந்த பிறகு கூடிய சிறப்புக் கூட்டத்தில்தான் நிறைவேறியது.

நம் வீடுகளில் பாட்டிமார் கடுகு டப்பாவில் காசு போட்டு வைப்பார்கள். மாதாந்திரச் செலவில் மிச்சம் பிடித்தது, பேரன் பள்ளிக் கட்டணத்துக்கோ அவசர வைத்தியத்துக்கோ என்று மனசுக்குள் பெயர் எழுதி வைத்தது. மினசோட்டா பூங்காக்களின் நிதிக் கதை ஏறக்குறைய இந்த டப்பாக்களின் கதைதான். ஒன்றல்ல, ஏழெட்டு டப்பா. ஒவ்வொன்றிலும் யார் போடுகிறார்கள், யார் எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம் என்பது வேறு வேறு. பூங்காவுக்கு மொத்தம் எத்தனை கோடி என்று கேட்பதைவிட, எந்த டப்பாவிலிருந்து என்று கேட்டால்தான் அங்கே நடப்பது புரியும்.

ஒரு ஓட்டில் பிறந்த பூங்கா

மிசிசிப்பி ஆறு பிறக்கும் இடம் இட்டாஸ்கா ஏரி. கற்களின் மேல் கால் வைத்து அந்தப் பெரிய ஆற்றை அங்கே நடந்தே தாண்டிவிடலாம். சுற்றிலும் இருந்த பைன் காட்டை மர வியாபாரிகள் வெட்டிக்கொண்டு வந்த காலத்தில், 1891 ஏப்ரலில், அதை மாநிலப் பூங்காவாக அறிவிக்கும் மசோதா ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் சட்டமன்றத்தில் தேறியது. அதுதான் மினசோட்டாவின் முதல் மாநிலப் பூங்கா.

அறிவித்துவிட்டால் ஆயிற்றா? உள்ளே நிலமும் மரமும் பலருக்குச் சொந்தம். 1903-ல் அந்தப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த தந்தை இறந்ததும், 24 வயது மேரி கிப்ஸ் அந்தப் பொறுப்புக்கு வந்தார். மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோக ஒரு நிறுவனம் அணை கட்டித் தண்ணீரைத் தேக்க, ஏரிக்கரை மரங்கள் மூழ்கத் தொடங்கின. மதகைத் திறக்கச் சொல்லிப் போனவருக்கு எதிரே துப்பாக்கியைக் காட்டினார்கள். அவர் பின்வாங்கவில்லை. ஆனால் அந்தப் பதவியில் அவர் நீடித்தது சில மாதங்கள்தான். சட்டத்தில் பூங்கா என்று எழுதுவது ஒரு வேலை, அதைக் காப்பாற்ற ஆளும் பணமும் கொடுப்பது வேறு வேலை என்பதை அந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது.

சட்டமன்றம் பூங்காவை உண்டாக்குவதுபோலக் கலைக்கவும் முடியும். அப்பர் சூ ஏஜென்சி மாநிலப் பூங்கா இருந்த நிலம், 1862-ல் அமெரிக்கப் படையோடு நடந்த போருக்கு முன் டகோட்டா பழங்குடி மக்கள் பட்டினி கிடந்த இடம், அவர்களுடைய முன்னோர் புதைந்த இடம். 2023-ல் சட்டம் இயற்றி, 2024-ல் அந்த நிலத்தை டகோட்டா மக்களின் அப்பர் சூ பழங்குடிச் சமூகத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். பூங்காக்களின் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. என்னைக் கேட்டால், பூங்கா விஷயத்தில் அந்தச் சட்டமன்றம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

படகுக்குப் போட்ட பெட்ரோல்

அன்றாடச் செலவுக்கு முதல் ஆதாரம் பொது நிதி. வருமான வரி, விற்பனை வரி எல்லாம் வந்து விழும் பெரிய பானை அது. பள்ளிக்கூடம், மருத்துவம், சிறை எல்லாவற்றோடும் பூங்காவும் அங்கே வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் அதற்கு எந்த இடம் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்து, வருபவர்கள் கொடுக்கும் கட்டணம். காருக்கு ஒரு நாளைக்கு 7 டாலர், வருடம் முழுவதற்கும் காரில் ஒட்டிக்கொள்ளும் சீட்டுக்கு 35 டாலர் என்று 2017-ல் உயர்த்தினார்கள்.

இவற்றைவிடச் சுவாரசியமானது பெட்ரோல் டப்பா. பெட்ரோல் வரிப் பணம் சாலைகளுக்கே போக வேண்டும் என்பது அந்த மாநில அரசியல் சாசன விதி. சரி, ஆனால் ஏரியில் ஓடும் மோட்டார் படகுக்கும் பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கும் அதே பங்கில்தானே பெட்ரோல் போடுகிறார்கள்? அவை சாலையில் ஓடுவதில்லை. நியாயப்படி அந்த வரியை அவர்கள் திருப்பிக் கேட்கலாம். ஒரு குடம் பெட்ரோலுக்கு ரசீது வைத்து விண்ணப்பம் போட யாருக்குப் பொறுமை? அதனால் சட்டமன்றம் ஒரு கணக்குப் போட்டது. மாநிலத்தில் விற்கும் பெட்ரோலில் ஒன்றரை சதவீதம் படகுகளுக்கும், ஒரு சதவீதம் ஸ்னோமொபைல்களுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் திருப்பிக் கேட்காத அந்த வரியை இயற்கை வளத் துறைக்கு மாற்றிவிடுவோம். படகுத் துறைகளும் பனிப் பாதைகளும் இந்தப் பணத்திலும், வண்டிப் பதிவுக் கட்டணத்திலும் நடக்கின்றன.

பனிப் பாதைகள் என்றால் ஏதோ ஐம்பது நூறு மைல் என்று நினைத்துவிட வேண்டாம். 22,000 மைல். பூமியைச் சுற்றிவரும் தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதில் பெரும்பகுதி அரசு நிலம்கூட இல்லை. அறுவடை முடிந்து உறைந்து கிடக்கும் விவசாயிகளின் வயல். அந்தந்த ஊர் ஸ்னோமொபைல் மன்றத்துக்காரர்கள் நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, பலகை நட்டு, ராத்திரியில் வண்டி ஓட்டிப் பனியைச் சமன் செய்கிறார்கள். மாநிலம் மானியம் மட்டும் தருகிறது. பயன்படுத்துகிறவனே பணம் கொடுத்து, அவனே வேலையும் செய்யும் ஏற்பாடு இது. இதன் பலவீனம் வானத்தில் இருக்கிறது. 2023-24 குளிர்காலம் மினசோட்டாவின் பதிவுகளிலேயே மிக வெப்பமான குளிர்காலம். பனி விழாத வருடத்தில் வண்டியை யார் பதிவு செய்வார்கள்?

லாட்டரியும் உண்டு. மினசோட்டா மாநில லாட்டரி 1990-ல் தொடங்கியது. சீட்டின் விலைக்குள்ளேயே விற்பனை வரிக்குப் பதிலாக 6.5 சதவீதம் எடுத்து, அதில் பெரும்பகுதியை மீன்வளம், வனவிலங்கு, மாநிலப் பூங்கா, நகரப் பகுதிப் பூங்கா, மிருகக்காட்சி சாலை என்று பிரிப்பார்கள். ஆனால் இது சாதாரணச் சட்டத்தால் அமைத்த டப்பா. 2003-ல் மாநிலத்துக்குப் பணமுடை வந்தபோது சட்டத்தைத் திருத்தி, சுற்றுச்சூழலுக்குப் போகும் பங்கை 72.43 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். 72.43 என்ற அந்த எண்ணைப் பாருங்கள். கொள்கையிலிருந்து பிறந்த எண்ணாகவா தெரிகிறது? பட்ஜெட் தாளின் அடியில் கூட்டல் சரியாக வரவேண்டும் என்பதற்காகப் பிறந்த எண் மாதிரிதான் இருக்கிறது.

சட்டம் போட்டவர்களே சட்டத்தை மாற்றலாம் என்றால் டப்பாவுக்கு அர்த்தம் இல்லை. அப்படியென்றால் சட்டமன்றத்தின் கை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். அந்த உயரம், அரசியல் சாசனம்.

வாத்து வேட்டைக்காரர்களின் ஊர்வலம்

2008 திருத்தத்தின் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துச் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் என்று நினைப்போம். தொடங்கியது அவர்கள் இல்லை, வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும். சதுப்பு நிலங்களை வடித்துச் சோளமும் சோயாவும் போட்டதில் வாத்துகள் வருவது குறைந்துபோயிற்று. வடகோடி இன்டர்நேஷனல் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த செனட்டர் பாப் லெஸ்ஸார்ட், விற்பனை வரியில் ஒரு துளியை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தார். 2005 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வாத்து வேட்டைக்காரர்கள் செயின்ட் பால் நகரில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் திரண்டார்கள். அப்படியும் மசோதா நகரவில்லை. ஏன்? வேட்டைக்காரர்களுக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் ஏன் கை தூக்க வேண்டும்?

அப்புறம் ஊர் கூடித் தேர் இழுக்கும் வேலை ஆரம்பித்தது. ஏரியும் ஆறும் சுத்தமாக வேண்டும் என்றவர்களைச் சேர்த்தார்கள். சைக்கிள் பாதைக்காரர்கள், பூங்காக்காரர்கள் சேர்ந்தார்கள். கடைசியில் நாடகக் குழுக்களும் அருங்காட்சியகங்களும் வந்து சேர, கலைக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வேட்டைக்காரர்களே முணுமுணுத்தார்கள். 2008 பிப்ரவரியில் சட்டமன்றம் அதை மக்கள் ஓட்டுக்கு அனுப்பியது. விற்பனை வரியை ஒரு சதவீதத்தின் எட்டில் மூன்று பங்கு, அதாவது 0.375 சதவீதம், உயர்த்துவது, 25 வருடத்துக்கு. அதில் 33 சதவீதம் நீருக்கு, 33 சதவீதம் காட்டுயிர் வாழிடங்களுக்கு, 19.75 கலைக்கும் பண்பாட்டுக்கும், 14.25 பூங்காவுக்கும் பாதைகளுக்கும். யார் யார் எவ்வளவு தூரம் பேரம் பேசினார்கள் என்பதை அந்த 19.75-லும் 14.25-லும் படித்துக்கொள்ளலாம்.

சாசனத் திருத்தத்துக்கு மினசோட்டாவில் ஒரு விசித்திர விதி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் ஆமாம் என்றால் போதாது. அந்தத் தேர்தலுக்கு வந்த எல்லோரிலும் பாதிக்கு மேல் வேண்டும். ஜனாதிபதிக்குக் குத்திவிட்டு, திருத்தக் கேள்வியைக் காலியாக விட்டுப் போனால் அது வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு. அதுவும் எந்த வருடம்? 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து, ஊரெங்கும் வேலையும் வீடும் போய்க்கொண்டிருந்த நேரம். அந்த நவம்பரில், எங்கள் மேல் வரியை ஏற்று என்று சுமார் 56 சதவீதம் பேர் சொன்னார்கள்.

கணக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்க்கலாம். 100 டாலருக்குப் பொருள் வாங்கினால் இந்தத் திருத்தத்தால் கூடுதலாகக் கட்டுவது 37 சென்ட் சொச்சம். மளிகைக்கும் துணிமணிக்கும் அங்கே பொதுவாக விற்பனை வரி இல்லை என்பதால் ஏழைகள் மேல் விழும் பாரம் ஓரளவு குறைவு. அந்த 37-ல் பூங்காவுக்கும் பாதைக்கும் போவது 5 சென்ட் சொச்சம். அந்த 5-ஐயும் மூன்றாகப் பிரிக்கிறார்கள். 40 சதவீதம் மாநிலப் பூங்காக்களுக்கு, 40 சதவீதம் மினியாபொலிஸ்-செயின்ட் பால் பெருநகரப் பகுதிப் பூங்காக்களுக்கு, 20 சதவீதம் மற்ற ஊர்களுக்கு. கடைசிப் பங்கை யாருக்கு எப்படித் தருவது என்று பார்க்க 2013-ல் தனி ஆணையமே அமைத்தார்கள். ஆக, மாநிலப் பூங்காவுக்கு வந்து சேர்வது 100 டாலருக்கு 2 சென்ட். இந்த 40-40-20 சாசனத்தில் எழுதியது அல்ல. சட்டமன்றத்துக்குள் நகரமும் நாட்டுப்புறமும் செய்துகொண்ட சமாதானம். நகரத்தில் ஆள் அதிகம், நாட்டுப்புறத்தில் நிலம் அதிகம். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடாமல் அங்கே எந்த மசோதாவும் தேறாது.

'கூடுதலாக' என்ற சொல்

கடுகு டப்பாவுக்கு ஒரு சாபம் உண்டு. உள்ளே காசு இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த மாதம் செலவுக்குக் கொடுப்பதில் நூறு ரூபாய் குறையும். உன்னிடம்தான் இருக்கிறதே என்பார்.

2008 திருத்தத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இந்தப் பணம் வழக்கமான நிதிக்குக் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக இருக்கக் கூடாது என்று சாசனத்திலேயே எழுதினார்கள். நல்லது. ஆனால் வழக்கமான நிதி என்றால் எவ்வளவு? 2008-ல் இருந்ததா, அதற்கு முந்திய பத்து வருடத்தின் சராசரியா? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வெட்டும் வருடத்தில் பூங்காவுக்கு மட்டும் வெட்டக் கூடாதா? 2011-ல் சட்டமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இந்தத் திருத்தத்தை ஆராய்ந்தபோதும், இந்தச் சொல்லை அளக்கத் தெளிவான கோல் இல்லை என்பதுதான் வெளிப்பட்டது. கோல் இல்லாத இடத்தில் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அது வாதமாகவே நிற்கிறது.

இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமானால் பெருநகரப் பகுதிப் பூங்காக்களைப் பார்க்கலாம். 1974-ல் சட்டம் போட்டு அமைத்த வலைப்பின்னல் அது. பத்து உள்ளூர் அமைப்புகள் சேர்ந்து நடத்துகின்றன. மாநிலச் சட்டப் புத்தகத்தில், அந்தப் பூங்காக்களை நடத்தும் செலவில் 40 சதவீதத்தை மாநிலம் தரும் என்று எழுதியிருக்கிறது. உண்மையில் வந்தது பல ஆண்டுகளாக 10 சதவீதத்தை ஒட்டியே. மீதி எல்லாம் உள்ளூர்ச் சொத்து வரி. 40 என்று எழுதியதை அழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டுக் கவரை மறந்துபோன கதை.

வேட்டைக்காரர்கள் கேட்டு வாங்கிய 33 சதவீதத்துக்கு இன்னொரு காவலும் போட்டார்கள். லெஸ்ஸார்ட் பெயரையும், மறைந்த செனட்டர் டாலஸ் சாம்ஸ் பெயரையும் தாங்கிய 12 பேர் குழு. எட்டுப் பேர் பொதுமக்கள், நான்கு பேர் சட்டமன்றத்தினர். எந்த வேலைக்குப் பணம் என்று இவர்கள் பரிந்துரைப்பார்கள், சட்டமன்றம் நிறைவேற்றும். பரிந்துரையை மாற்றினால்? 2013-ல் குழு சொல்லாத செலவுகளைச் சட்டமன்றத்தினர் மசோதாவில் சேர்த்தபோது, ஆளுநர் டேட்டன் அந்தச் செலவுகளை மட்டும் வெட்டித் தள்ளினார். வேட்டைக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. அவர் வெட்டியவை உருப்படாத வேலைகளும் அல்ல என்பதுதான் சங்கடம்.

லாட்டரி அறக்கட்டளையும் சாக்கடையும்

இன்னொரு பெரிய டப்பா இதற்கும் மூத்தது. 1988-ல் மக்கள் ஓட்டால் வந்த சுற்றுச்சூழல் மற்றும் இயற்கை வள அறக்கட்டளை நிதி. 1990-ல் இன்னொரு ஓட்டில், லாட்டரியின் நிகர வருமானத்தில் 40 சதவீதம் அதற்கு என்று முடிவானது. வருவதை அப்படியே செலவழிக்காமல் முதலீடு செய்து, சந்தை மதிப்பில் வருடத்துக்கு 5.5 சதவீதம் வரைதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். இன்று அது 150 கோடி டாலரைத் தாண்டிய நிதி. எதற்குக் கொடுக்கலாம் என்று 17 பேர் ஆணையம் பரிந்துரைக்கும்: பத்துப் பேர் சட்டமன்றத்தினர், ஏழு பேர் பொதுமக்கள்.

அவ்வளவு பெரிய தொகை ஓரமாக இருந்தால் கண் போகாமல் இருக்குமா? 2018-ல் போயிற்று. சின்ன ஊர்களின் கழிவுநீர் நிலையங்கள் பழசாகிவிட்டன, கட்டப் பணம் இல்லை. அதற்கும் வேறு சில வேலைகளுக்கும் 9.8 கோடி டாலர் கடன் வாங்கி, அந்தக் கடனை இந்த அறக்கட்டளைப் பணத்திலிருந்து அடைப்பது என்று சட்டமன்றம் தீர்மானித்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2019-ல் சட்டமன்றமே பின்வாங்கி, அந்த வேலைகளை வழக்கமான அரசுக் கடன் பத்திரங்களுக்கு மாற்றியது. ஆனால் புகைச்சல் அடங்கவில்லை. 2020-ல் ஆணையத்துக்குள்ளேயே சண்டை முற்றி, அந்த வருட ஒதுக்கீடு நிறைவேறவே இல்லை. 2021 சிறப்புக் கூட்டத்தில்தான் இரண்டு வருடத்தையும் சேர்த்து முடித்தார்கள். ஒரு வருட ஆராய்ச்சிகளும் நிலம் வாங்கும் வேலைகளும் அந்தரத்தில் தொங்கின.

கழிவுநீர் ஏரியில் கலக்காமல் இருப்பதும் சுற்றுச்சூழல் வேலைதானே என்று கேட்டவர்களை நான் முழுக்கத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் எந்த அரசு வேலையையும் சுற்றுச்சூழல் என்று சொல்லலாம். சாலைக்கு ஓரத்தில் மரம் இருக்கிறது, அதற்கும் கொடு என்பார்கள். 2024 நவம்பரில் லாட்டரிப் பங்கை 2050 வரை நீட்டிக்கும் கேள்வி ஓட்டுக்கு வந்தபோது, நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆதரவு கிடைத்தது. அதோடு சேர்த்து, இந்தப் பணத்தைக் கழிவுநீர் நிலையங்களுக்குத் தொடக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். வரம்பை 7 சதவீதமாக உயர்த்தி, கூடுதல் 1.5 சதவீதத்தை இதுவரை இந்த நிதி எட்டாத சமூகங்களுக்கான மானியத்துக்கு ஒதுக்கினார்கள்.

வாங்கலாம், கட்டலாம், கழிப்பறை?

பெரிய செலவு என்று வந்தால், மாநிலம் கடன் பத்திரம் வெளியிட்டுத்தான் செய்யும். சாதாரண மசோதாவுக்குப் பாதி ஓட்டு போதும். கடன் மசோதாவுக்கு இரண்டு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். அதனால் எதிர்க்கட்சியின் கையில் எப்போதும் ஒரு பிடி இருக்கும். 2023-ல் கடனும் ரொக்கமுமாக 260 கோடி டாலர் மசோதா தேறியது. 2024-ல் கூட்டத்தொடரின் கடைசி ராத்திரி கூச்சலும் குழப்பமுமாக முடிந்து, ஒன்றுமே தேறவில்லை. 2025 ஜூனில் சிறப்புக் கூட்டத்தில் 70 கோடி. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு பாலத்துக்கோ பாதைக்கோ திட்டம் போடும் பொறியாளரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

புது நிலம் வாங்குவது எல்லோருக்கும் பிடிக்கும். வெர்மிலியன் ஏரிக்கரையில் எஃகு நிறுவனம் ஒன்றின் நிலத்தை வாங்க 2008-ல் சட்டமன்றம் அனுமதி தந்தது, 2010-ல் 1.8 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ஆனால் அங்கே கூடாரம் போட்டுத் தங்கும் இடம் திறந்தது 2017-ல். நடுவில் ஏழு வருடம். வடகிழக்கில் சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டி டூ ஹார்பர்ஸ் முதல் கிராண்ட் மரே வரை ஓட வேண்டிய கிச்சி-காமி சைக்கிள் பாதை சட்டப் புத்தகத்தில் முழுசாக இருக்கிறது; தரையில் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஒரு தொகுதி உறுப்பினர் தன் ஊர் வழியாகப் பாதை என்று சட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. தார் போடத்தான் செலவு.

பேரிடர் வந்தாலும் பணம் வரும். 2012 ஜூனில் டுலூத் பகுதியில் கொட்டிய மழையில் ஜே குக் மாநிலப் பூங்காவின் தொங்குபாலம் சிதைந்தது. ஆகஸ்டில் சிறப்புக் கூட்டம் கூட்டி வெள்ள நிவாரணம் ஒதுக்கினார்கள், அடுத்த வருட இறுதிக்குள் பாலத்தைத் திறந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாலம், படத்தில் வரும் பாலம்.

யாரும் படம் எடுக்காதவை வேறு. கழிப்பறை, குடிநீர்க் குழாய், செப்டிக் தொட்டி. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு மத்திய அரசு கட்டிய கல்லும் மரமுமான கட்டடங்கள் பல இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அழகுதான், ஆனால் கூரைக்கு வயது தெரியாதா? மினசோட்டா குளிரில் தண்ணீர் உறைந்து உருகி உறைந்து, தார்ப் பாதை இருபது இருபத்தைந்து வருடத்தில் பாளம் பாளமாக வெடிக்கும். தொண்ணூறுகளில் ரிப்பன் வெட்டித் திறந்த பாதைகளெல்லாம் ஒரே நேரத்தில் அந்த வயதுக்கு வந்து நிற்கின்றன. டப்பாக்களில் பலவற்றின் மேல் ஒட்டிய சீட்டு புதியது என்று சொல்கிறது: புது நிலம், புது வாழிடம், புதுத் திட்டம். பழையதைப் பழுது பார்க்கும் வேலை பொதுப் பானையை நம்பித்தான் இருக்கிறது. 2023-ல் மாநிலத்துக்கு எதிர்பாராமல் சுமார் 1,750 கோடி டாலர் உபரி வந்தபோதுதான், பூங்கா, படகுத் துறை, மீன் பண்ணை ஆகியவற்றைச் சீர்செய்ய ஏறக்குறைய 15 கோடி டாலரைச் சேர்ந்தாற்போல ஒதுக்க முடிந்தது. அப்படி ஒரு உபரி அடுத்து எப்போது வரும்?

மிசூரி மாநிலம் இதில் வேறு வழி போனது. அங்கே 1984 முதல் பத்தில் ஒரு பங்கு சதவீத விற்பனை வரி மாநிலப் பூங்காக்களுக்கும் மண் பாதுகாப்புக்கும் போகிறது. பூங்காவை நடத்துவதற்கே அந்தப் பணம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மக்களிடம் போய் நீட்டிக்கக் கேட்கிறார்கள். 2016-ல் ஐந்தில் நான்கு பேர் சரி என்றார்கள். அலங்காரம் இல்லாத ஏற்பாடு. தினசரிக் குழம்புக்கான காசையும் அதே டப்பாவில் போட்டுவிட்டார்கள்.

மினசோட்டாவின் 0.375 சதவீதம் 2034 ஜூன் 30-ஆம் தேதியோடு காலாவதி. நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி சாசனத் திருத்தம், மறுபடி சட்டமன்றம், மறுபடி அந்த விசித்திர விதி. பொதுத் தேர்தல்கள் இரட்டைப்படை வருட நவம்பரில் வருகின்றன; 2034 நவம்பர் என்றால் அதற்குள் வரி நின்று நாலு மாதம் ஆகியிருக்கும். ஆகவே இடைவெளி விழாமல் கேட்க வேண்டுமானால் கடைசி வாய்ப்பு 2032. அப்போது கலைக்கு 19.75 அதிகம் என்று ஒருவர் கிளம்புவார், நீருக்கு 33 போதாது என்று இன்னொருவர். கழிப்பறைக்கு எத்தனை சதவீதம் என்று யாராவது கேட்பார்களா பார்க்கலாம்.